சொல்லி வைத்தாற்போல

குசலத்துக்குக் கோபம் வராது. திருப்பூரில் அதைத் திட்டாத ஆள் கிடையாது. "ஏன்டி, உனக்கு வேற பொழப்பே இல்லியா?" என்று போனை வைத்தவர்கள் உண்டு. அழுதவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துத் தரச் சொன்ன ஒருவர் உண்டு. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, மறுமாதம் அதே பணிவோடு, அதே கொங்குத் தமிழில் கூப்பிடும்: "நல்லாருக்கீங்ளாண்ணா? போன வாரம் எப்படிங்க போச்சு?"

அது ஓர் இயந்திரம். அரசாங்கத் தாள்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஜனங்கள் அதைக் குசலம் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பேச்சுகளைக் கேட்பதுதான் கோகிலவாணிக்கு வேலை. அவிநாசி ரோட்டில் ஒரு வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒன்பது பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாளுக்கு ஆளுக்கு அறுபது பேச்சு. அந்த ஒன்பது பேருக்கும் பதவிப் பெயர் 'காது'.

இப்படி ஒரு வேலை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வங்காள விரிகுடாவைச் சுற்றியும் அதற்கு அருகிலும் உள்ள ஏழு நாடுகள் சேர்ந்து பொதுச் சந்தை அமைத்து ஒன்பது வருடம் ஆகிறது. சரக்குக்கு வரி இல்லை. ஆர்டர் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். இதற்கெல்லாம் ஏழு நாடும் சீக்கிரமே சம்மதித்துவிட்டன. சண்டை வந்தது வேறொன்றில். ஓர் ஊரில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று யார் எண்ணுவது? தேர்தல் வந்தால் ஒவ்வொரு அரசும் எண்ணைக் குறைக்கும். நிதி கேட்கும்போது கூட்டும். ஒருவர் கணக்கை ஒருவர் நம்பவில்லை. கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இயந்திரத்திடம் எண்ணும் பொறுப்பைக் கொடுத்தார்கள். படிவம் நீட்டினால் மனிதன் படிவத்துக்குத் தகுந்தாற்போலப் பேசுவான், பேச்சுக் கொடுத்தால் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். ஆகவே குசலம் கேள்வித்தாள் வாசிக்காது. அந்தந்த ஊர்ப் பேச்சில் நலம் விசாரிக்கும். விசாரித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு குறி போடும். ஒன்று, வேலையில் இருப்பவர். இரண்டு, வேலை இல்லாமல் தேடுபவர். மூன்று, தேடாமலே இருப்பவர். நான்கு, வேலை உறுதியாகி, சேர்வது மட்டும் பாக்கி உள்ளவர். இதில் இரண்டாம் குறி மட்டும்தான் வேலையின்மை. நான்கு என்பது ஒன்றோடு சேர்ந்துகொள்ளும்.

இயந்திரத்தை முழுக்க நம்பவும் மனம் வராததால், நூறில் ஒரு பேச்சை அந்த ஊர் மனிதர் ஒருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியால் பிழைத்தவர்கள்தான் காதுகள்.

கோகிலா அதற்கு முன்னால் கொடிமலர் நிட்ஸில் பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்தவள். தையல் முடிந்து வரும் பனியனை விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டை, கறை, விட்ட தையல் பார்க்கும் வேலை. அவள் புருஷன் பூபதி அதே கம்பெனியில், பனியன் விளிம்பை மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷினில் டெய்லர். கொடிமலரின் ஆர்டர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்துச் சிட்டகாங்குக்குப் போனபோது இருவருக்கும் சேர்த்தே வேலை போயிற்று. பழைய சூப்பர்வைசர் ஒருவர் சொல்லி, கோகிலாவுக்குக் காது வேலை கிடைத்தது. பூபதிக்குப் பதினாலு மாதமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது ஊரே ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு.

ஒரு பகுதியின் வேலையின்மை தொடர்ந்து மூன்று காலாண்டு நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டினால், அங்கிருந்து, வேலை தாராளமாக உள்ள பகுதிகளுக்கு ஆர்டரை எடுத்துப் போக ஒரு வருடம் தடை. ஏற்கெனவே போனதும் திரும்ப வேண்டும். இதைத்தான் 'கதவு' என்பார்கள். திருப்பூர் முதல் காலாண்டில் பன்னிரண்டு புள்ளி நாலு. இரண்டாவதில் பன்னிரண்டு புள்ளி ஒன்று. மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிகிறது. எண் பதினொன்று புள்ளி ஒன்பது நாலில் நின்றது. கதவு சாத்தப்பட்டால் இரண்டு தையல் லைன் திரும்ப ஓட்டுவதாகக் கொடிமலர் மேனேஜர் சொல்லியிருந்தார். திரும்ப எடுக்கப்போகும் எழுபது பேர் பட்டியலும் ஒட்டியிருந்தார். பூபதியின் பெயர் முப்பத்தொன்றாவது.

ஊரில் வேலையில்லாதவர்கள் இன்னும் கொஞ்சம் கூடினால் தன் புருஷனுக்கு வேலை கிடைக்கும். இந்த விநோதத்தை ஆரம்பத்தில் நினைத்துச் சிரித்த கோகிலாவுக்கு இப்போது சிரிக்கவும் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அன்றைய இருபத்திரண்டாவது பேச்சைத் திறந்தாள். பெயர், முகவரி, எண் எல்லாம் நீக்கப்பட்டிருக்கும். குரலை மட்டும் மாற்றமாட்டார்கள். குரலை மாற்றினால் சலிப்பும் கிண்டலும் போய்விடும். அப்புறம் காதுக்கு என்ன வேலை?

முதலில் ஓர் இருமல். சளி இருமல் இல்லை, பேச ஆரம்பிக்கத் தயங்குகிறவனின் இருமல். கோகிலாவின் கை மவுஸ் மேலேயே நின்றது. பதினேழு வருடமாகக் கேட்கிற இருமல்.

தெரிந்த குரல் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். விதி. அவள் நிறுத்தவில்லை.

"நல்லாருக்கீங்ளாண்ணா?"

"இருக்கறேன் கண்ணு. நீ சாப்டியா?"

"நான் சாப்பிடறதில்லைங்கண்ணா. நீங்க சாப்டீங்ளா?"

"குடுத்து வச்சவ. பசியில்லாத பொழப்பு."

"போன வாரம் வேலை ஏதாச்சும் செஞ்சீங்ளாண்ணா? ஒரு மணி நேரம்னாலும் சொல்லுங்க."

"மீட்டர் பாக்க வந்த ஆளுக்கு ஏணி புடிச்சேன். அது சேருமா?"

"கூலி குடுத்தாருங்ளா?"

"டீ குடுத்தான்."

"அது சேராதுங்கண்ணா."

"சேராதுன்னு எனக்கே தெரியும். பேச்சுக்குக் கேட்டேன்."

"வேலைக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிட்டிருக்கீங்ளாண்ணா?"

மறுபடி இருமல். "நாலு எடத்துல சொல்லி வச்சிருக்கறேன் கண்ணு."

"நல்லதுங்கண்ணா. எப்பச் சேரணும்?"

"கூப்புட்டாச் சேர வேண்டியதுதான். நாளைக்கே கூப்புட்டாலும் போயிருவேன்."

"ரொம்ப சந்தோசங்கண்ணா."

பேச்சு அங்கே முடிந்திருக்கலாம். பூபதி முடிக்கவில்லை.

"வீட்டுல இதைக் கேக்க மாட்டாங்க," என்றான். "கேட்டா நான் சங்கடப்படுவேன்னு கேக்கறதில்லை. காலைல டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துருவாங்க. நானும் நாலு கம்பெனி ஏறி எறங்கப் போறவனாட்டம் எடுத்துட்டுக் கெளம்பிருவேன். பெருமாநல்லூர் ரோட்டுல ஒரு வேப்பமரம் இருக்குது. பன்னெண்டு மணிக்கே அங்க உக்காந்து தின்னுருவேன். அப்புறம் பொழுது போகோணுமில்ல... நீ ஒருத்திதான் கண்ணு கேக்கற."

"அடுத்த மாசமும் கேப்பேனுங்கண்ணா."

"கேளு."

கோகிலா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. காலையில் கட்டிக் கொடுத்தது தக்காளி சாதம் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. பெருமாநல்லூர் ரோட்டில் எந்த இடத்தில் வேப்பமரம் இருக்கிறது என்று யோசித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் திரையின் அடியைப் பார்த்தாள்.

குறி நான்கு. வேலை உறுதி; சேர்வது பாக்கி.

செக்கிங் டேபிளில் பதினோரு வருடம் இருந்த கண் அது. விட்ட தையல் தெரிந்துவிட்டது. இதே வார்த்தையை அன்று காலையிலேயே இன்னும் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள், மூன்றுக்கும் குறி நான்குதான், மூன்றையும் அவள் சரி என்று தள்ளிவிட்டிருந்தாள். முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று நம்புவதில் யாருக்கும் சிரமமில்லை. இவனுக்குக் கிடைக்கவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

கிளையின் பொறியாளர் கௌசிகன், பருத்தித்துறைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். எதைக் கேட்டாலும் பலகையில் எழுதி விளக்காமல் விடமாட்டார். கோகிலா போய்ச் சொன்னதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அக்கா, குசலம் பிழை விட்டதெண்டு சும்மா சொல்லக் கூடாது. அது தன்ர இலக்கணத்தில சரியாத்தான் நிக்குது. இஞ்ச பாருங்கோ." பலகையில் எழுதினார்: சமைச்சு வச்சிருக்கேன். வாங்கி வச்சிருக்கேன். எடுத்து வச்சிருக்கேன். "இதுகளுக்கு என்ன அர்த்தம்?"

"வேலை முடிஞ்சு தயாரா இருக்குதுன்னு அர்த்தமுங்க."

"ஓம். சமைச்சு வச்சால் சாப்பிடலாம். எடுத்து வச்சால் கொண்டு போகலாம். பேசி வச்சால்?"

"பொண்ணு பேசி வச்சாச்சுன்னா முடிவான மாதிரிதானுங்க."

"அப்ப சொல்லி வச்சால்? குசலம் லட்சக்கணக்கான வசனம் கேட்டுப் பழகினது. 'வச்சிருக்கேன்' எண்டு முடிஞ்சால் காரியம் ஆயிட்டுது எண்டு அதுக்குத் தெரியும். வேலை சொல்லி வச்சிருக்கு எண்டால் வேலை தயார். அது அப்பிடித்தானே எடுக்கும்?"

"சொல்லி வச்சா ஒண்ணும் தயார் இல்லீங்க சார்," என்றாள் கோகிலா. "நாம சொல்றோம். அவங்க வச்சுக்கறாங்க."

கௌசிகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உங்கட ஆக்கள் வேலைக்கு விண்ணப்பம் போடுறதில்லையோ?" என்றார்.

"பனியன் கம்பெனிக்கு யாருங்க சார் விண்ணப்பம் போடறது? கட்டிங் மாஸ்டர்கிட்டச் சொல்லணும். மச்சான் தைக்கற பவர் டேபிள் யூனிட்ல சொல்லணும். டீக்கடைல சொல்லணும். சொல்றதுதானுங்க தேடறது."

"அப்ப இது குறி ரெண்டு."

"ரெண்டுதானுங்க."

அவர் மார்க்கரின் மூடியைப் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார். "எங்கட ஊரிலயும் சொல்லி வைக்கிறதெண்டால் இதுதான். எனக்கு ஏன் உறைக்கேல்லை? எனக்கு ஒரு நாளும் சொல்லி வைக்க வேண்டி வரேல்லைப் போல." பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "மேல்முறையீடு போடலாம். எந்தப் பேச்சு?"

"இருபத்திரண்டாவது."

"பேசினவரைத் தெரியுமோ? எல்லாரிட்டயும் கேக்கிற கேள்விதான்."

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பிறகு எவனாவது தோண்டி எடுத்தால் திருத்தமும் சேர்ந்து செல்லாமல் போய்விடும். முன்னே தள்ளிவிட்ட மூன்றையும் இப்போது கேட்க முடியாது. சரி என்று தள்ளிவிட்ட பேச்சு உடனே பூட்டப்பட்டுவிடும். அடுத்து எப்போது இதே சொல் வரும், வெள்ளிக்கிழமைக்குள் வருமா என்பதும் தெரியாது.

"என்ற வீட்டுக்காரருங்க," என்றாள்.

கௌசிகன் நிமிர்ந்து பார்த்தார். "எந்த இடத்தில அடையாளம் கண்டனீங்கள்?"

"இருமினப்பவே."

திரையில் பார்த்தார். "அது நாலாவது செக்கன். பேச்சு ஆறு நிமிசம்."

"ஆமாங்க. முழுசும் கேட்டுட்டேன்."

"அக்கா, பேச்சு செல்லும். பிழை பிழைதான், ஆர் கண்டாலும். ஆனால் உங்கட வேலை..." அவர் முடிக்கவில்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது என்று அவருக்கும் தெரியும்.

"அவருக்கு வேலை வந்துட்டாச் சரியாப் போயிருமுங்க சார். நீங்க எழுதுங்க."

எழுதினார். பாதியில் நிறுத்திக் கேட்டார். "ரெண்டு விதமாப் போடலாம். திருப்பூர்ப் பகுதியை மட்டும் திருத்தச் சொல்லலாம். இல்லாட்டி இந்த வகைப் பிழையை முழுக்கத் தேடச் சொல்லலாம்."

கோகிலா யோசிக்கவே இல்லை. "ஒரு பீஸ்ல தையல் விட்டிருந்தா அந்த ஒண்ணை மட்டும் எடுத்துப் போட்டா ஆகாதுங்க சார். பொட்டியைப் பிரிச்சு லாட் முழுக்கப் பாக்கோணும். இல்லாட்டி வாங்கறவன் நம்ப மாட்டான். நமக்கு மட்டும் திருத்திக்கிட்டோம்னு சொல்லுவான்."

"முழுக்க எண்டால் ஏழு நாடும், எல்லா மொழியும்."

"பாக்கட்டுமுங்க. அவங்க பாஷைல இதெல்லாம் எங்க இருக்கப் போவுது?"

அந்தக் களைப்பிலும் அவள் குரலில் லேசான பெருமை இருந்தது. கௌசிகன் வாய்க்குள் சிங்களத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. பிறகு 'முழுக்க' என்ற கட்டத்தில் குறியிட்டு, திருகோணமலையில் இருந்த தலைமையகத்துக்கு அனுப்பிவைத்தார்.

மூன்று நாள் அவள் பூபதியிடம் எதையும் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸ் கட்டினாள். அவன் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து, தொழிலாளர் சங்கத்தில் சனிக்கிழமை ஆர்ப்பாட்டத்துக்கு மூவாயிரம் பேர் சேருவார்கள் என்றான். 'அக்கரைக்கு ஆர்டர், இக்கரைக்குப் பட்டினி' என்பது அவன் எழுதிக் கொடுத்த கோஷம். சிட்டகாங்காரன் என்றாலே அவன் குரல் உயரும். கோகிலாவுக்கும் அந்த ஊர்மேல் கோபம்தான். பார்க்காத ஊர்மேல் கோபப்படுவது சுலபம்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கௌசிகன் அவளைக் கூப்பிட்டார். திரையில் பட்டியல் இருந்தது. முதலில் தன் ஊரைத்தான் தேடினாள். திருப்பூர்: பதினேழு புள்ளி மூன்று.

"சார்!" என்றாள். கையைக் கூப்பிவிட்டாள். "பதினேழு சார்!"

கௌசிகன் முகத்தில் சந்தோஷம் இல்லை. "மற்றதையும் பாருங்கோ அக்கா."

பார்த்தாள். யாழ்ப்பாணம் பதினாறு. விசாகப்பட்டினம் பதினைந்தரை. யாங்கோன் பத்தொன்பது. சிட்டகாங் பதினெட்டு புள்ளி ஒன்று. இன்னும் கீழே இறங்கினாள். நாற்பத்தோரு பகுதிகள். சொல்லி வைத்தாற்போல அத்தனையும் பன்னிரண்டைத் தாண்டி நின்றன.

"வங்காளத்தில 'போலே ரேக்கெச்சி' எண்டு சொல்லுவினமாம். சொல்லி, வச்சிருக்கிறன். தெலுங்கில 'செப்பி பெட்டானு'. பர்மாவில 'ப்யோ' எண்டால் சொல்லு, 'தா' எண்டால் வை. தாய்லாந்தில, நேபாளத்தில, எல்லா இடத்திலயும் சொல்லுதான் வேற. வசனக் கட்டு ஒண்டுதான்." கௌசிகன் தாழ்ந்த குரலில், ஆனால் தன்னையறியாத ஆச்சரியத்தோடு சொன்னார். "சிங்களத்திலயும் இருக்குது. எனக்கு அண்டைக்கே சந்தேகம். இந்தக் கடலைச் சுத்தி இருக்கிற சனம் முழுக்க ஒரே மாதிரித்தான் வேலை தேடுது அக்கா. அதால குசலம் எல்லா இடத்திலயும் ஒரே பிழையைத்தான் விட்டிருக்கு. ஒன்பது வருசமா."

"சரிங்க சார். நம்மளுது பன்னெண்டைத் தாண்டிருச்சில்லீங்ளா? கதவு?"

அவர் ஒப்பந்தத்தின் பக்கத்தைத் திறந்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார். "பன்னிரண்டுக்கு மேல இருக்கிற பகுதியில இருந்து, பன்னிரண்டுக்குக் கீழ இருக்கிற பகுதிக்கு ஆர்டர் போகக் கூடாது. அதுதான் சட்டம். இப்ப கீழ ஒருத்தரும் இல்லை. கதவு வைக்கச் சுவர் இல்லாமல் போச்சு."

கோகிலா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் விரல் வைத்துப் படித்தாள்.

"திருப்பூருக்கு மட்டும்னு போட்டிருந்தா?"

கௌசிகன் ஒப்பந்தத்தை மூடிவைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "ஒருத்தர் உங்களோட கதைக்க வேணுமாம்," என்றார். "சிட்டகாங்கில வங்காள வசனத்தைச் சரிபாத்த காது. ஷிரின் எண்டு பேர். குசலமே மொழிபெயர்க்கும். விருப்பமில்லாட்டி விடுங்கோ."

கோகிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் வங்காளத்தில் ஏதோ சொன்னது. அதன்மேல் குசலம் கொங்குத் தமிழில் சொன்னது. சிட்டகாங்காரி அசல் காங்கேயம் பெண்ணைப்போலப் பேசினாள்.

"அக்கா, வணக்கமுங்க. இதைக் கண்டுபுடிச்சது நீங்கதானுங்ளா? ஒண்ணு கேக்கோணும். உங்கூர்ல வீட்டுக்கு ரெண்டு தையல் மிசின் ஓயாம ஓடுதுன்னு இங்க சொல்றாங்க. நெசமுங்ளா?"

"யாரு சொன்னாங்க?"

"எல்லாருந்தானுங்க. மேடைல சொல்றாங்க. எங்க ஆர்டரை உங்கூர்க்காரங்க புடுங்கிட்டாங்கன்னு நாளைக்கு இங்க ஊர்வலம் போறாங்க. என்ற தம்பிகூடப் போறான்."

கோகிலா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "எங்க கம்பெனி ஆர்டரு உங்கூருக்குத்தான் வந்துச்சு. கொடிமலர்னு பேரு. ஒரு வருசத்துக்கு முன்னாடி."

"கொடிமலர்... துறைமுகத்துக்கிட்டப் புதுக் கட்டடமுங்க. நாலு மாடி. வருதுன்னதும் நாங்க அத்தனை பேரும் போயி வரிசைல நின்னோமுங்க."

"எத்தனை பேரை எடுத்தாங்க?"

"பதினோரு பேருங்க."

"லைனுக்கா?"

"இல்லீங்கக்கா. கட்டடத்துக்கே. துணி ஒரு பக்கம் போவுது, பனியன் ஒரு பக்கம் வருது. உள்ள விளக்குக்கூடப் போடறதில்லை. மிசினுக்கு வெளிச்சம் எதுக்குங்க? பதினொண்ணுல ரெண்டு பேரு வாட்ச்மேனு. ஒருத்தரு தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தறாரு."

செக்கிங் யார் செய்கிறார்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. விளக்கில்லாத இடத்தில் என்ன செக்கிங்.

"உங்களுக்கு வேலை இருக்குதுங்ளா ஷிரின்?"

"இந்த மாசம் வரைக்கும் இருக்குதுங்க. திருத்தத்தைக் குசலம் படிச்சுக்கிச்சாம். இனிக் காது அவ்வளவா வேண்டாமாம். உங்களுக்குங்ளா?"

"எனக்கு இன்னியோட. தெரிஞ்ச குரலைக் கேட்டுட்டேன்."

இருவரும் ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பேச்சில்லாத இடத்தில் குசலமும் மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் அமைதியாக இருந்தது.

ஐந்து மணிக்கு எண்கள் வெளியாயின. ஐந்தேகாலுக்கு எதிர்க்கட்சி, பதினேழு என்பது ஆட்சியின் தோல்வி என்றது. ஐந்தரைக்கு அமைச்சர், சிட்டகாங்கைவிட நாம் குறைவு என்று சுட்டிக்காட்டினார். கோகிலா அடையாள அட்டையைக் கௌசிகனிடம் கொடுத்துவிட்டு, சங்கக் கட்டடம் வரைக்கும் நடந்தே போனாள்.

வாசலில் பழைய சரக்குப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு பூபதி தட்டி எழுதிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"என்ன அம்மிணி, நேரமே வந்துட்ட?"

"இனித் தினமும் நேரமேதானுங்க. வேலை போயிருச்சு."

பிரஷ் நின்றது. "ஏன்?"

அவள் அவன் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். "முதல்ல நம்பரைச் சொல்றேன். பதினேழு புள்ளி மூணு."

"பதினேழா!" அவன் எழுந்தே விட்டான். "கதவு சாத்தியாச்சா?"

"இல்லைங்க."

சொன்னாள். மூன்று நாளாகச் சொல்லாததையெல்லாம், பலகையில் எழுதிக் காட்டுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக. நாற்பத்தோரு ஊர். சுவரில்லாத கதவு. நாலு மாடி, பதினோரு பேர், தோட்டத்துக்குத் தண்ணி. அவன் மெல்ல உட்கார்ந்தான்.

"உள்ளுக்குள்ள லைட்டே இல்லியாமா?"

"இல்லியாமுங்க."

"சரி, இந்தத் தப்பை எப்படிக் கண்டுபுடிச்ச?"

"ஒருத்தரு பேச்சுல. இருமிட்டுத்தான் ஆரம்பிச்சாரு."

பூபதி பிரஷை டப்பாவுக்குள் விட்டு, சுற்றிக்கொண்டே இருந்தான். சிவப்புப் பெயிண்ட் விளிம்பில் ஏறி வழிந்தது.

"முழுசுமா கேட்ட?"

"முழுசும்."

"வேப்பமரமும்?"

"ம்."

"நிறுத்தியிருக்கலாமில்ல. வேலையாச்சும் இருந்திருக்கும்."

"முடியலைங்க."

டீக்கடைப் பக்கமிருந்து ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. யாரோ கோஷத்தை ராகம் போட்டுப் பாடிப் பார்த்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். நாளைக்கு மூவாயிரம் பேர். கடலுக்கு அந்தப் பக்கமும் இதேபோல ஒரு வாசலில் ஷிரினின் தம்பி உட்கார்ந்து திருப்பூர் என்று எழுதிக்கொண்டிருப்பான் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

பூபதியின் முன்னால் இருந்த அட்டையில் 'ஒழிக' என்பது மட்டும் வலது ஓரத்தில் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. பெயருக்கு இடம் விட்டிருந்தான். பிரஷை எடுத்து அந்தக் காலி இடத்துக்கு மேலே கொண்டுபோனான். ஒரு சொட்டு விழுந்தது. கையை இழுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"யாரு பேரைப் போடட்டும் கோகிலா? வெரசாச் சொல்லு. பெயிண்ட் காயுது."